இரண்டு முறை வந்த நள்ளிரவு

(திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடிகாரத்தை முன்னே தள்ளுவது, பின்னே இழுப்பது எல்லாம் வெள்ளைக்காரன் ஊர் வேலை, நமக்கு அது கிடையாது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் 1943-லோ 1944-லோ பிறந்த தாத்தா, ஆச்சி இருந்தால் அவர்களுடைய ஜாதக நோட்டை எடுத்துப் பாருங்கள். விவரம் தெரிந்த ஜோசியர் கணித்திருந்தால், பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் லக்கினம் போட்டிருப்பார். ஏனென்றால் 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, உலகப் போரை முன்னிட்டு, இந்தியா முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. பாளையங்கோட்டையில் ஒரு குழந்தை காலை 6:10-க்குப் பிறந்தது என்று எழுதியிருந்தால், இன்றைய கணக்கில் அது 5:10. இதைக் கவனிக்காமல் கட்டம் போட்டால் லக்கினமே வேறு ராசிக்குப் போய்விடக்கூடும்.

இதில் ஒரு வேடிக்கை. ஜோசியர் செய்யும் இந்தத் திருத்தம் கம்ப்யூட்டருக்கும் தெரியும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நேர மண்டலத்தை ‘ஆசியா/கொல்கத்தா’ என்று வைத்து 1943-ஆம் வருடத்துத் தேதி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் +06:30 என்று வரும். 1905-ஆம் வருடத் தேதியைக் கேட்டால் +05:21:10 என்று வரும். அது பழைய மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தை ஆதாரமாக வைத்து ரயில்வே ஓட்டிய நேரம் அது. 1906 ஜனவரி 1-ல் இன்றைய இந்திய நேரம் வந்தது. கொல்கத்தா என்று பெயர் வைத்த கோப்புக்குள் மெட்ராஸ் ஒளிந்திருப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மறைப்பானேன்.

மெட்ராஸ் நேரமும் நம் நேரம் இல்லை. சூரியனைக் கேட்டால், சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் நண்பகல் வருவது சராசரியாக 12 மணி 19 நிமிடத்துக்கு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையில் நிற்கிறது, நாம் 77.7-ல் இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். அந்தப் பாலம் 1843-ல் கட்டப்பட்டபோது இந்த 19 நிமிட வித்தியாசம் யாருக்கும் தேவைப்படவில்லை. ரயிலும் தந்தியும் வந்தபிறகு சூரியனை விட்டுவிட்டு அரசாங்கத்தைக் கேட்க ஆரம்பித்தோம். கடிகாரம் காட்டுவது இயற்கையை அல்ல, ஓர் அரசாணையை. நான் சொல்ல வந்ததெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இனி டேட்டாபேஸ் ஜாபுக்கு வருகிறேன். இந்த வேலையில் இல்லாதவர்களுக்காக ஒரு வரி: கடை அடைத்தபின் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து பேரேட்டைக் கூட்டுவார் அல்லவா, அதுபோல் ஆள் இல்லாத வேளையில் கம்ப்யூட்டர் தானாகவே செய்யும் வேலைதான் ஜாப். அன்றைய விற்பனையைக் கூட்டும், வட்டி போடும், நகல் எடுத்து வைக்கும், தவணை நினைவூட்டல் அனுப்பும். ‘தினமும் ராத்திரி இத்தனை மணிக்கு’ என்று ஒருமுறை எழுதி வைத்தால் வருடக்கணக்கில் ஓடும். அந்த ‘இத்தனை மணிக்கு’ என்ற இடத்தில்தான் அரசாணை குறுக்கே வருகிறது.

பக்கத்து நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1996-ல் இலங்கையில் கடும் வறட்சி. நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு, மின்சாரத் தட்டுப்பாடு. மே 25 நள்ளிரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருந்த நாடு ஆறரைக்குப் போனது. அந்த அக்டோபரிலேயே அரை மணி நேரம் பின்வாங்கி ஆறு மணி நேரத்தில் நின்றார்கள். பத்து வருடம் அப்படியே ஓடியது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, பழைய ஐந்தரைக்கே திரும்பினார்கள். ஏப்ரல் 15, நள்ளிரவு தாண்டி 12:30 ஆனதும் கடிகாரம் மீண்டும் 12:00-க்கு வந்தது. அன்றைக்குக் கொழும்பில் நள்ளிரவு இரண்டு முறை.

12:15-க்கு ஓட வேண்டும் என்று எழுதி வைத்த ஒரு ஜாபை அங்கே நினைத்துப் பாருங்கள். கடிகாரத்தை மட்டும் பார்த்து ஓடும் ஜாபாக இருந்தால் இரண்டு முறை ஓடும். வட்டி இரண்டு முறை ஏறும். நகல் எடுக்கும் ஜாப் இரண்டு முறை ஓடினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வட்டி அப்படி இல்லை. இன்னொன்று: ஒருவர் 12:20-க்குத் தொலைபேசியில் பேச ஆரம்பித்து, கால் மணி நேரம் பேசிவிட்டு வைக்கிறார். வைக்கும்போது கடிகாரம் காட்டுவது 12:05. உள்ளூர் நேரத்தை மட்டும் பதிந்து வைத்த பில் மென்பொருள் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் மைனஸ் 15 நிமிடம் வரும். 1996 மே 25-ல் நேர் எதிர்: 12:00 முதல் 1:00 வரை கொழும்பில் நேரமே இல்லை. 12:30 ஜாப் எப்போது ஓடும்?

அதோடு விடவில்லை. கொழும்பு கடிகாரத்தை மாற்றியபோது, புலிகள் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அதை ஏற்கவில்லை. பழைய ஐந்தரையிலேயே இருந்தார்கள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 பாதை திறந்தது. ஓமந்தையில் ராணுவச் சாவடியைத் தாண்டி, புளியங்குளத்தில் புலிகளின் சாவடிக்குள் நுழைந்தவருடைய கைக்கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் இருக்கும். உலகத்துக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் பார்க்கும் நேர மண்டலப் பட்டியலில் இலங்கைக்கு ஒரே பெயர்தான்: ‘ஆசியா/கொழும்பு’. கிளிநொச்சியின் நேரத்துக்கு அதில் தனி வரி கிடையாது. 2023 மார்ச்சில் லெபனானிலும் இப்படித்தான் ஆனது: கோடை நேரத்தைத் தள்ளிப்போடுவதாக அரசாங்கம் கடைசி நேரத்தில் சொன்னது, பலர் ஏற்கவில்லை, சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரம். பிறகு அரசாங்கமே முடிவை மாற்றிக்கொண்டது.

சிங்கப்பூரில் சொந்தக்காரர் உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். மலேசியாவோடு சேர்ந்து அந்த ஊர் நேரம் மாறியபோது, 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் கடிகாரம் நேரே 12:00-க்குப் போய்விட்டது. வருடத்தின் கடைசி அரை மணி நேரம் காணாமல் போனது. ஆண்டு இறுதிக் கணக்கை 11:45-க்கு என்று யாராவது வைத்திருந்தால்!

அந்த நேர மண்டலப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கியது. பால் எகர்ட் என்பவர் பல வருடங்களாகப் பராமரிக்கிறார். எந்த நாடு எந்தத் தேதியில் கடிகாரத்தை எப்படித் திருப்பியது என்று தேடித் தேடிச் சேர்த்த கோப்பு. நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் முதல் பெரிய வங்கியின் சர்வர் வரை இதைப் பார்த்துத்தான் நேரம் சொல்கின்றன. எங்கோ ஒரு மந்திரிசபை முடிவெடுத்தால் இவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் புதிய பதிப்பு வெளியிடுகிறார்கள். அதை நம் சர்வரில் ஏற்றுகிறோமா என்பது நம் பாடு. 2005-ல் அமெரிக்கா போட்ட எரிசக்திச் சட்டத்தால் 2007 முதல் அங்கே கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை என்று நீண்டது. ஒரே ஒரு சட்டம். உலகம் முழுக்க சர்வர் சர்வராகத் திருத்தினார்கள்.

கங்கைகொண்டான் ஐ.டி. பூங்காவுக்கோ வேறு ஊருக்கோ அமெரிக்க ஷிப்ட் பார்க்கப் போகிறவர் வீட்டில் இருந்தால், இந்த மாற்றம் சமையலறை வரைக்கும் தெரியும். நியூயார்க்கின் காலை 9 மணி கோடையில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. நம் ஊரில் எதுவுமே மாறாது, வேன் வரும் நேரம் மட்டும் மாறும். லண்டன் ஆட்கள் மார்ச் கடைசி ஞாயிறில்தான் திருப்புவார்கள். அதனால் இடையில் இரண்டு மூன்று வாரம் அமெரிக்கக் கணக்கு ஒன்று, இங்கிலாந்துக் கணக்கு ஒன்று. மூன்று ஊர் ஆட்கள் சேரும் மீட்டிங்கில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பது அந்த வாரங்களில்தான்.

அந்த ஞாயிறுகளில் என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். 2026-ல் மார்ச் 8. நியூயார்க்கில் அதிகாலை 2:00 ஆனதும் 3:00. அப்போது நமக்கு ஞாயிறு பகல் 12:30. கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும் நேரம். அங்கே 2:30 என்ற மணியே அன்று கிடையாது. போஸ்ட்கிரெஸிடம் ‘மார்ச் 8, 2:30, நியூயார்க்’ என்று கொடுத்தால் அது மறுக்காது. 3:30 என்று எடுத்துக்கொள்ளும். டெபியன் லினக்ஸில் ஜாபுகளை ஓட்டும் கிரான் இந்தத் தாவலைக் கவனித்து, தவறிப்போன ஜாபை உடனே ஓட்டும். ஆனால் குறிப்பிட்ட மணிக்கு என்று எழுதிய ஜாபுகளுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. எல்லா மென்பொருளும் இப்படி அக்கறை காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நவம்பர் 1. நியூயார்க்கின் 1:30 நமக்குக் காலை 11 மணிக்கு ஒருமுறை வருகிறது, பகல் 12 மணிக்கு இன்னொருமுறை வருகிறது. வெறும் ‘1:30’ என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். முதலாவதைத்தான் நினைத்தீர்கள் என்றால் கூடவே கிரீன்விச்சிலிருந்து உள்ள வித்தியாசத்தையும் எழுத வேண்டும்.

இரண்டு முறை ஓடுவதும் ஓடாமல் விடுவதும் வெளியே தெரிகிற கோளாறு. யாராவது போன் போட்டுக் கத்துவார்கள், சரிசெய்துவிடலாம். தெரியாத கோளாறு ஒன்று உண்டு. பல ஜாபுகள் ‘கடந்த 24 மணி நேரத்தில் நடந்ததைக் கூட்டு’ என்று எழுதப்பட்டிருக்கும். தினமும் நியூயார்க்கில் அதிகாலை 4 மணிக்கு ஓடும் ஜாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மணிக்கு எந்தத் தாவலும் இல்லை, பத்திரம் என்று நினைப்போம். ஆனால் மார்ச் மாத அந்த ஞாயிறில், முந்தைய ஓட்டத்துக்கும் இதற்கும் இடையே 23 மணி நேரம்தான் ஆகியிருக்கும். 24 மணி நேரம் பின்னால் போய் எடுத்தால் ஒரு மணி நேர விற்பனை இரண்டு தடவை கணக்கில் ஏறும். நவம்பரில் இடைவெளி 25 மணி நேரம். ஒரு மணி நேர விற்பனை யார் கணக்கிலும் வராது. எந்த எச்சரிக்கையும் அடிக்காது. ஜாப் ‘வெற்றி’ என்று பச்சை விளக்குப் போட்டுவிட்டுப் போய்விடும். வருடக் கடைசியில் தணிக்கைக்காரர் வந்து கேட்கும்போது யாருக்கும் நினைவிருக்காது.

மருந்து எளிமையானது. ‘கடந்த 24 மணி நேரம்’ என்று எழுதாதீர்கள். போன தடவை எதுவரை எடுத்தோம் என்று ஒரு அட்டவணையில் குறித்துவைத்து, அங்கிருந்து தொடங்குங்கள். போஸ்ட்கிரெஸில் ‘ஒரு நாள்’ கூட்டுவதும் ‘24 மணி நேரம்’ கூட்டுவதும் வேறு வேறு விடை தரும் என்பதையும் மறக்காதீர்கள். முதலாவது சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறது, இரண்டாவது கடந்த நேரத்தை. இரண்டு முறை ஓடுவதைத் தடுக்கவும் ஒரு வழி இருக்கிறது: ‘இந்த ஜாப், இந்தத் தேதிக் கணக்கு’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும், அதே வரி இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸே மறுக்க வேண்டும். வட்டி ஒரு தடவைக்கு மேல் ஏறாது.

இனி நம் ஊருக்கே வருவோம். அமெரிக்கக்காரனோடு சம்பந்தமே இல்லாத, கோடை நேரமே இல்லாத ஒரு கடைக்கு இந்தத் தொல்லை வருமா? வரும். வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில்தான் ஓடுகின்றன. அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5:30 வரை அந்த சர்வருக்கு இன்னும் நேற்று. நயினார்குளம் மார்க்கெட்டில் லாரி வந்து சரக்கு இறங்கி வியாபாரம் நடப்பதே அந்த நேரத்தில்தானே? ஏப்ரல் 1 அதிகாலை 4 மணிக்குப் போட்ட பில், சர்வரின் கணக்கில் மார்ச் 31 இரவு 10:30. தேதியை சர்வரிடமே கேட்டு எழுதும் மென்பொருளாக இருந்தால் அந்தப் பில் போன நிதியாண்டுக்குப் போய்விடும். அண்ணாச்சி ஜி.எஸ்.டி. கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார், இடிக்கும், ஏன் என்று புரியாது. ‘இன்றைய தேதி என்ன’ என்று டேட்டாபேஸைக் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் ‘கொல்கத்தா நேரப்படி’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் ஒவ்வொரு இடத்திலும்.

அந்த அரை மணி நேரமும் தனியாகப் படுத்தும். வெளிநாட்டில் எழுதிய பல மென்பொருள்கள், இடம் மிச்சம் என்று விற்பனையை மணிக்கு ஒரு வரியாகச் சுருக்கி வைக்கின்றன: யூ.டி.சி. 18:00 முதல் 19:00 வரை ஒரு மொத்தம், பிறகு அடுத்தது. நம் நள்ளிரவு விழுவது 18:30-ல், அந்த மொத்தத்தின் நட்ட நடுவில். மூலப் பதிவுகளை அழித்துவிட்டால் இந்திய நாள் ஒன்றின் விற்பனையைச் சரியாகச் சொல்லவே முடியாது. முழு மணி வித்தியாசத்தில் வாழ்கிறவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை. நேபாளத்துக்காரர் பாடு நம்மைவிட மோசம். அவர்கள் ஐந்தே முக்கால்.

ஐ.எஸ்.டி. என்று எழுதினால் இந்திய நேரம் என்று நாம் நினைக்கிறோம். இஸ்ரேல்காரரும் தங்கள் நேரத்தை அப்படித்தான் எழுதுகிறார்கள், அயர்லாந்துக்காரரும் அப்படித்தான். யூ.டி.சி.-யில் ஓடும் சர்வரில் போஸ்ட்கிரெஸை நிறுவி ஒன்றும் மாற்றாமல் விட்டால், ஐ.எஸ்.டி. என்பதை அது இஸ்ரேல் என்றே எடுத்துக்கொள்ளும். மூன்றரை மணி நேரம் விலகிவிடும். நம்மைப் போன்றவர்களுக்காக ‘இந்தியா’ என்று ஒரு தனி அமைப்பைக் கூடவே வைத்திருக்கிறார்கள், அதைப் போட்டுக்கொள்ளலாம். என் யோசனை, சுருக்கப் பெயரே வேண்டாம். ‘ஆசியா/கொல்கத்தா’ என்று முழுசாக எழுதுங்கள். பெயரில் சென்னை இல்லையே என்ற வருத்தம் வேறு விஷயம்.

இந்தத் துறையில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே உபதேசம் சொல்வார்கள்: எல்லாவற்றையும் யூ.டி.சி.-யில் சேமி, பிரச்சினை தீர்ந்தது. பாதிதான் சரி என்று நான் நினைக்கிறேன். நடந்து முடிந்ததற்கு அது சரி. பணம் போட்ட கணம், போன் பேசத் தொடங்கிய கணம், இவற்றை எந்த அரசாங்கமும் இனி மாற்ற முடியாது. யூ.டி.சி.-யில் வைத்தால் கொழும்பின் இரண்டு நள்ளிரவும் தனித்தனியாக நிற்கும், மைனஸ் நிமிடம் வராது.

ஆனால் இனிமேல் நடக்கப்போவது? 2006 மார்ச்சில் கொழும்பில் ஒருவர் பல் டாக்டரிடம் ஏப்ரல் 20 காலை 10 மணிக்கு நேரம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உபதேசத்தைக் கேட்ட மென்பொருள் அன்றைய ஆறு மணி நேரக் கணக்கில் அதை யூ.டி.சி. 04:00 என்று மாற்றி வைக்கிறது. ஏப்ரல் 15-ல் கடிகாரம் மாறுகிறது. 20-ஆம் தேதி டாக்டரின் பட்டியலில் அவர் பெயர் 9:30-க்கு நிற்கும். நோயாளி வருவது 10 மணிக்கு, அவர் சொன்ன சொல்லின்படி. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடந்த பேச்சு ‘கொழும்பில் காலை 10 மணி’ என்பது. பிரபஞ்சத்தின் ஏதோ ஒரு கணத்தைப் பற்றி அவர்கள் பேசவில்லை. அந்தப் பேச்சைத்தான் சேமிக்க வேண்டும்: உள்ளூர் மணி ஒரு பத்தியில், ஊரின் நேர மண்டலப் பெயர் இன்னொரு பத்தியில். யூ.டி.சி. கணக்கு வேண்டுமானால் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஓல்சன் கோப்பின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அதை அழித்துவிட்டு மறுபடி கணக்கிட வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் ‘நேர மண்டலத்தோடு’ என்று ஒரு வகை இருக்கிறதே, அதில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பெயரைப் பார்த்து ஏமாறும் இடம் அது. அது மண்டலத்தை வைத்துக்கொள்வதில்லை, யூ.டி.சி.-க்கு மாற்றிவிட்டு, நீங்கள் கொடுத்த ஊர்ப்பெயரைத் தூக்கிப் போட்டுவிடும். ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் அதே பெயருள்ள வகையில் ஊரையும் சேர்த்து வைக்கிறது.

ஜாபுகளும் வரப்போகிறவைதான் என்பதால் இதே கேள்வி அவற்றுக்கும் உண்டு. ஆரக்கிளின் ஷெட்யூலரில் தொடக்க நேரத்தை ஊர்ப்பெயரோடு கொடுத்தால் ஜாப் அந்த ஊரின் கோடை நேரத்தைப் பின்தொடரும். வெறும் ‘மைனஸ் 5’ என்று கொடுத்தால் பின்தொடராது. எஸ்.க்யூ.எல். சர்வர் ஏஜென்ட் அது குடியிருக்கும் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்க்கும். போஸ்ட்கிரெஸோடு ஓடும் பிஜி-கிரான் வேறு சொல்லாதவரை கிரீன்விச் நேரத்தில் ஓடும். இவற்றில் எது உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வொரு ஜாபையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது யாருடைய கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது? கடைக்காரருக்கு நள்ளிரவுக் கணக்கு என்றால் அவருடைய ஊர்ப்பெயரில் ஓட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நகல் எடுப்பது மாதிரி எந்த மனிதருடைய கடிகாரத்துக்கும் கட்டுப்படாதவை யூ.டி.சி.-யில் ஓடட்டும். அமெரிக்க ஊர்ப்பெயரில் ஓடுபவற்றை 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் வைக்காதீர்கள். கிரான் எழுதுகிறவர்களுக்கு 2 மணி மேல் என்னதான் அப்படி ஒரு காதலோ தெரியவில்லை.

நவம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம். சோதனை சர்வர் ஒன்றில் கடிகாரத்தை அக்டோபர் 31-க்குக் கொண்டுபோய் வைத்து, இரண்டு நாள் ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாபும் எத்தனை வரி எழுதியது என்று எண்ணிப் பாருங்கள். அப்படியே மார்ச் 7-க்கும் ஒருமுறை. கொழும்பு தேதியையும் வைத்துப் பார்க்கலாம், ஓல்சன் கோப்பில் அது இன்னும் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஷிப்டுக்கு நேரமானவர்கள் முதலில் கேட்கட்டும்.